4096 எழுத்துக்குள் ஒரு குறுந்தொகை வகுப்பு

மின்வழிப் பாடங்களை ஆக்கித்தரும் மென்பொருள்களின் வேகத்தைப் பற்றியோ, அவை பாதியில் முறிந்துவிழாமல் இயங்குவதைப் பற்றியோ பேச்செடுத்தால், தமிழ்த்துறை ஆசிரியர்கள் பலரும் மெல்ல நகர்ந்துவிடுகிறார்கள். அது கணிப்பொறித் துறையினரின் கவலை. நமக்குப் பாடம் சொல்வதோடு வேலை முடிந்தது என்பது அவர்களது எண்ணம். இந்த எண்ணத்தோடு எனக்கு உடன்பாடில்லை. எழுதுகருவி எழுத்தின் வடிவைத் தீர்மானிக்கும் என்பதை ஓலையையும் எழுத்தாணியையும் பற்றி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் விளக்குகிற நாம், நம் காலத்து எழுதுகருவியைப் பற்றி மட்டும் அக்கறையற்று இருப்பது விந்தைதான். ஓலையில் புள்ளியிட்டால் ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லாமலே எழுதினார்கள் என்று கரும்பலகையில் எழுதிக்காட்டுகிறோம். இன்றைய மென்பொருள் எங்கே கிழிகிறது, அதனால் எதை எழுதாமல் விடுகிறோம் என்று யாரும் கேட்பதில்லை.

நான் சொல்ல வருவது இதுதான்: பாடமாக்கும் மென்பொருளின் மந்தமும் தடுமாற்றமும் இலக்கியக் கல்வியைச் சத்தமில்லாமல் கொள்குறி வினாக்களாகச் சுருக்கிக்கொண்டிருக்கின்றன. புதுப்புது வசதிகளைச் சேர்ப்பதை நிறுத்திவைத்துவிட்டு, இருப்பதை உறுதியாக இயங்கச் செய்யும் வேலையை இம்மென்பொருள்களை ஆக்குவோர் முதலில் செய்தாக வேண்டும். அதை வற்புறுத்திக் கேட்கும் பொறுப்பு ஆசிரியர்களுடையது. கேட்பதற்கு முதலில் எங்கே தடுமாறுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வேகத்திலிருந்து தொடங்கலாம். கணிப்பொறி எவ்வளவு விரைவில் மறுமொழி தர வேண்டும் என்பது புதிய கேள்வி அல்ல. ராபர்ட் மில்லர் 1968இலேயே இதுபற்றி எழுதினார். ஜேக்கப் நீல்சன் 1993இல் வெளியிட்ட நூலில் மூன்று எல்லைகளை வகுத்துச் சொன்னார். நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் திரை அசைந்தால், நாமே அதை அசைத்ததாக உணர்கிறோம். ஒரு நொடி வரை தாமதமானால் உணர்வோம், ஆனால் எண்ண ஓட்டம் அறுபடாது. பத்து நொடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். இந்தக் கணக்கு பயன்படுத்துபவர் எல்லோருக்கும் பொது. ஆனால் பாடம் எழுதுபவருக்கு இது இருமடங்கு பொருந்தும் என்பது என் கருத்து. எழுதுவது என்பதே திரும்பத் திரும்பத் திருத்துவதுதான். ஒரு சொல்லை மாற்றி, முன்னோட்டம் பார்க்க அரை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்றால், இருபதாவது திருத்தத்தை எவரும் செய்யமாட்டார். 'இதுவே போதும்' என்ற இடத்தில் பாடம் நின்றுவிடும். மாணவர் கையில் கிடைப்பது, ஆசிரியர் சலித்துப்போன இடத்தில் நின்ற பாடம்.

மந்தத்துக்குக் காரணங்கள் பல. எளிதில் விளங்குவது படங்கள். கைப்பேசியில் எடுத்த ஒரு கல்வெட்டுப் படம் கோப்பாக இருக்கையில் மூன்று மெகாபைட்தான் இருக்கும். அது சுருக்கப்பட்ட வடிவம். திரையில் காட்டுவதற்காக நினைவகத்தில் விரிக்கும்போது, அகலம் 4000, உயரம் 3000 புள்ளிகள் கொண்ட அப்படம், புள்ளிக்கு நான்கு பைட் வீதம், 4 கோடியே 80 லட்சம் பைட் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பாடத்தில் அது 800 புள்ளி அகலத்தில்தான் தெரியப்போகிறது. அந்த அளவுக்குக் குறைத்துவிட்டுச் சேர்த்தால் 20 லட்சம் பைட்டுக்கும் குறைவாகவே தேவைப்படும். இருபத்தைந்தில் ஒரு பங்கு! இப்படி இருபது படங்களைச் சேர்த்த பாடம், கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்தில் உள்ள பழைய கணிப்பொறியில் ஏன் மூச்சுத் திணறுகிறது என்று வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆசிரியர்தான் படத்தைக் குறைத்துச் சேர்க்க வேண்டும் என்று மென்பொருள் கையேடுகள் அறிவுரை சொல்கின்றன. சொல்லட்டும். ஆனால் சேர்க்கப்படும் இடத்தின் அளவு மென்பொருளுக்குத் தெரியும், படத்தின் அளவும் தெரியும். வகுத்துப் பார்த்துத் தானே குறைத்துவைத்துக்கொள்வது அதற்கு ஒரு கணக்கா? புறநானூற்று ஆசிரியரைப் படப்புள்ளி எண்ணச் சொல்வதைவிட இது எளிது.

மந்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், எழுதியது காணாமற்போவதைப் பொறுக்க முடியாது. மின்வெட்டு நமக்குப் புதிதல்ல. கோப்பைச் சேமிக்கும் தறுவாயில் மின்சாரம் போனால் என்ன ஆகும்? பழைய கோப்பின் மீதே புதியதை எழுதும் மென்பொருளாக இருந்தால், பழையதும் சிதைந்து, புதியதும் முடியாமல், இரண்டும் கெட்டதாய் ஒரு கோப்பு மிஞ்சும். இதற்கு மாற்று கணிப்பொறி உலகில் நெடுங்காலமாக அறியப்பட்டது. புதியதை வேறு பெயரில் முழுவதுமாக எழுதி முடித்து, எழுதியது வன்தட்டில் பதிந்ததை உறுதி செய்துகொண்டு, அதன் பிறகே பழைய பெயரை அதற்குச் சூட்டுவது. எந்தக் கணத்தில் மின்சாரம் போனாலும் இரண்டில் ஒன்று முழுமையாக இருக்கும். சுவடி பெயர்த்தெழுதியவர்களும் இதைத்தான் செய்தார்கள். புதிய ஏடு எழுதி முடிந்த பிறகுதான் பழைய ஏட்டை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவது என்று சொல்வார்கள். (எழுதி முடிக்காமலே ஆற்றில் விட்டதால் போன நூல்களின் கதை வேறு, அதை உ.வே.சா.விடம் கேட்க வேண்டும்.) இத்தனை எளிய ஒழுங்கைக் கடைப்பிடிக்காத மென்பொருளை, அது எத்தனை அழகான அசைவூட்டங்களைத் தந்தாலும், எழுதுகருவி என்று நான் ஒப்பமாட்டேன். பொதுவலையமைப்பில் உள்ள வன்தட்டில் வைத்துத் திருத்தாதீர்கள், உங்கள் கணிப்பொறியிலேயே வைத்துத் திருத்துங்கள் என்று ஆக்கியவர்களே எச்சரிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. மெலிந்த இணைப்பில் சேமிப்பது முறியும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

இதுவரை சொன்னது பாடம் எழுதுபவரின் பக்கம். படிப்பவரின் பக்கத்தில்தான் இலக்கிய ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது.

ஒரு மென்பொருளில் ஆக்கிய பாடம் இன்னொரு தளத்தில் இயங்குவதற்கான பொது இலக்கணமாக ஸ்கார்ம் என்பது உள்ளது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் முன்முயற்சியில் உருவானது. அதன் 1.2 பதிப்பு 2001இல் வெளிவந்தது. அதற்குப் பின் 2004 என்ற பெயரில் சில பதிப்புகள் வந்தும், இன்றளவும் பல நிறுவனங்கள் பழைய 1.2ஐயே கையாள்கின்றன. மாணவர் பாதியில் நிறுத்திவிட்டுப் போனால், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்காக, அவர் எங்கே இருந்தார், என்ன விடை தந்தார் என்பவற்றை ஒரே சரமாகக் கட்டித் தளத்திடம் கொடுத்துவைக்க அந்த இலக்கணம் இடம் தருகிறது. அந்தச் சரத்தின் நீளத்துக்கு 4096 எழுத்துகள் வரைதான் உறுதி. 2004இன் மூன்றாம் பதிப்பில் அது 4000. 2009இல் வந்த நான்காம் பதிப்பில்தான் 64000 ஆனது. எல்லை மீறினால் சில தளங்கள் வாலை வெட்டிவிடும். சில மொத்தமாக ஏற்க மறுக்கும். இரண்டிலும் மறுநாள் வரும் மாணவர் முதல் திரையில் நிற்பார்.

4096 எழுத்து என்பது போதுமானதுதானே என்று தோன்றும். அங்கேதான் 'எழுத்து' என்றால் என்ன என்ற கேள்வி வருகிறது. எழுத்ததிகாரம் படித்தவர்களுக்கு இதில் சுவை இருக்கும். 'தமிழ்நாடு' என்ற சொல்லில் நமக்கு ஐந்து எழுத்து. ஒருங்குறியில் உயிர்மெய்யின் மெய்க்கு ஒரு குறி, உயிர்க்குறிக்கு ஒரு குறி, புள்ளிக்கு ஒரு குறி, ஆக ஒன்பது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்; ஆக இருபத்தேழு. பாடமாக்கும் மென்பொருள் அந்தச் சரத்தைப் பாதுகாப்பாக அனுப்புவதற்காக, இணைய முகவரிகளில் செய்வதுபோல ஒவ்வொரு பைட்டையும் விழுக்காட்டுக் குறியும் இரு எண்களுமாக மாற்றினால், எண்பத்தொன்று. ஆங்கிலத்தில் 'டமில்நாடு' என்று எழுதும் ஒன்பது எழுத்து, இத்தனை மாற்றத்துக்குப் பிறகும் ஒன்பதாகவே இருக்கும். அதாவது அந்த முறையில் 4096இல் அடங்குவது 455 தமிழ்க் குறிகள். நாற்பது, நாற்பத்தைந்து சொற்கள். அதுவும் சரம் முழுவதையும் விடைக்கே ஒதுக்கினால்! எந்தத் திரை பார்த்தாயிற்று, எந்தப் பொத்தான் அழுத்தியாயிற்று என்ற கணக்கும் அதே சரத்துக்குள்தான் இருக்க வேண்டும்.

இதன் விளைவைக் குறுந்தொகைப் பாடத்தில் பார்க்கலாம். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள். ஒவ்வொன்றிலும் மாணவர் செய்ய வேண்டிய வேலை, முதல், கரு, உரி மூன்றும் எங்கே இணைகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று தன் சொற்களில் எழுதிப் பார்ப்பது. திணைமயக்கம் உள்ள பாடலாக இருந்தால், எழுதாமல் அதை விளங்கிக்கொள்ளவே முடியாது. அப்படி ஒரு பத்தி எழுதச் சொல்லிப் பாடம் அமைத்த சக ஆசிரியர் ஒருவரின் வகுப்பில், நீளமாக எழுதிய மாணவர்கள் மட்டும் மறுநாள் தொடக்கத்துக்குத் தள்ளப்பட்டார்கள். ஒரு வரி எழுதியவர்களுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. நன்றாக எழுதியவருக்குத் தண்டனை, எழுதாதவருக்குச் சலுகை. இரண்டு வாரம் கழித்து அவர் பத்தியை எடுத்துவிட்டு, 'இப்பாடலின் திணை யாது?' என்று நான்கு விடைகளை வைத்தார். பாடம் அதன்பின் ஒருமுறைகூட முறியவில்லை. தளத்தின் பொறுப்பாளர் அதை 'நிலைப்புத்தன்மை மேம்பட்டது' என்று குறித்துக்கொண்டிருப்பார். அவர் பார்வையில் அது உண்மைதான்.

இதை ஒரு சதி என்று நான் சொல்லவில்லை. படைவீரருக்கு இயந்திரத்தைக் கையாளப் பயிற்சி தருவதற்கு, பார்த்த திரைகளின் கணக்கும் பெற்ற மதிப்பெண்ணும் போதும். அதற்கு 4096 தாராளம். அந்தச் சட்டையைக் குறுந்தொகைக்கு மாட்டியது நாம்.

முன்பு இப்படி இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் 1960இல் தொடங்கிய பிளேட்டோ என்ற கல்விக் கணிப்பொறி அமைப்புக்காக, 1967இல் பால் டென்சார் டியூட்டர் என்ற மொழியை வடிவமைத்தார். நிரலாளர் அல்லாத ஆசிரியர்கள் பாடம் எழுதுவதற்கான மொழி. மாணவர் தட்டெழுதும் விடையில் எந்தச் சொற்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாதகமில்லை, எந்தச் சொற்கள் ஒரு பொருள் குறித்தவை என்பதை ஆசிரியர் ஒரு வரியில் சொல்லிவிடலாம். எழுத்துப்பிழையையும் அது கண்டு சொல்லும். ஒருபொருட் பன்மொழியை அறிந்த கருவி! அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பிறகு, நம் கையில் உள்ள பெரும்பாலான கருவிகள் கோடிட்ட இடத்தை நிரப்பும் வினாவில் சரத்தோடு சரத்தை அப்படியே ஒப்பிட்டுத் தவறு என்கின்றன. வேற்றுமையுருபு ஏறினால் தவறு, வல்லினம் மிகுந்தால் தவறு.

தமிழில் இன்னொரு விபரீதமும் உண்டு. 'கொ' என்பதை ஒருங்குறியில் இருவகையாகப் பதியலாம்: ககரத்தோடு ஒகரக்குறி ஒன்றாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இயந்திரத்துக்கு வேறுவேறு, ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவராவிட்டால். ஒருங்குறி அவையம் அதற்கான விதியை வகுத்தே வைத்திருக்கிறது. நிரலில் ஒரு வரி சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். 'ஔவையார்' நிலைமை இதைவிட மோசம். ஔகாரத்தை ஒற்றை எழுத்தாக இடாமல், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டுபவர்கள் ஏராளம். திரையில் வேற்றுமை தெரியாது. அந்த விதியும் இதைச் சரிசெய்யாது. தமிழறிந்த ஒருவர் தனியே சொல்லிவைத்தால்தான் உண்டு. ஔவையார் என்று சரியாக எழுதிய மாணவருக்குச் சிவப்புக் குறி போடும் பாடத்தை, அது ஒருபோதும் முறிந்துவிழாதது என்பதற்காக, நிலைப்புள்ளது என்று சொல்ல முடியுமா? ஒரே விடைக்கு ஒரே தீர்ப்பு வழங்காததும் நிலையின்மைதான்.

இணைய உலாவிக்குள்ளேயே பாடம் எழுதும் புதிய மென்பொருள்கள் இச்சிக்கல்களைத் தீர்த்துவிட்டன என்று நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். தட்டத் தட்டச் சேமித்துக்கொள்கின்றன. கணிப்பொறி பழுதானாலும் பாடம் எங்கோ ஒரு வழங்கியில் பத்திரமாக இருக்கிறது. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஆண்டுச் சந்தாவை நிறுத்தினால் திருத்தும் உரிமை நின்றுபோகும் ஏற்பாட்டில், பத்திரமாக இருப்பது யாருடைய பாடம்? ஓர் அரசுக் கல்லூரியின் நிதி ஒதுக்கீடு எந்த மாதம் வரும் என்று எவராலும் சொல்ல முடியாது. நிலைப்பு என்பதை ஒரு நாளின் அளவில் மட்டும் பார்த்தால் போதாது, பத்தாண்டு அளவிலும் பார்க்க வேண்டும்.

பத்தாண்டு அளவில் பார்த்தால் படம் கலவரமூட்டுகிறது. 1987இல் வந்து, ஒரு காலத்தில் பாடமாக்கும் மென்பொருள் என்றாலே அதுதான் என்றிருந்த ஆத்தர்வேரின் வளர்ச்சி 2007இல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பின் எல்லோரும் தஞ்சம் புகுந்த ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31இல் முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் அதை இயக்கும் செருகுநிரலே பாடங்களைக் காட்ட மறுத்தது. அன்று இருண்டுபோன பாடங்களில், மூலக்கோப்பு இருந்தவை புதிய வடிவில் மீண்டும் ஆக்கப்பட்டன. மூலக்கோப்பு இல்லாதவற்றைப் போலச்செய்யும் மென்பொருள்களின் உதவியால் கொஞ்சம் மீட்க முடிந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே இன்னொரு சிறு மாற்றம் வந்தது. பக்கத்தை மூடும் கணத்தில் தளத்தோடு பேசி முடிக்கும்வரை உலாவியைக் காக்கவைக்கும் பழைய உத்தியைக் குரோம் உலாவி 2020இல் தடைசெய்தது. உலாவியின் வேகத்துக்காகச் செய்த நல்ல காரியம்தான். ஆனால் 'மூடும்போது சேமித்துக்கொள்ளலாம்' என்று நம்பியிருந்த பாடங்கள் திருத்தப்படும்வரை கடைசித் திரையின் கணக்கை இழந்தன. ஒவ்வொரு விடைக்கும் உடனுக்குடன் சேமித்த பாடங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகவே வேகத்தையும் நிலைப்பையும் மேம்படுத்துவது என்றால், விரைவான கணிப்பொறி வாங்குவது மட்டுமல்ல. பாடத்தின் சொற்களை அதன் ஒப்பனையிலிருந்து பிரித்து வைப்பது முதல் வேலை. நார்வேயில் உருவான எச்-ஃபைவ்-பி இதை ஓரளவு செய்கிறது. அதன் கோப்பு ஒரு சாதாரணச் சுருக்கப்பொதி. விரித்தால் பாடத்தின் சொற்கள் எவரும் படிக்கக்கூடிய உரைக்கோப்பாக உள்ளே இருக்கும். நாளை அம்மென்பொருளே மறைந்தாலும் சொற்கள் மறையா. அதில் எழுதும் அனுபவம் உவப்பானது என்று சொல்லமாட்டேன். நீண்ட படிவத்தை நிரப்புவது போலிருக்கும். ஆனால் உவப்புக்கும் ஆயுளுக்கும் இடையில் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் ஆயுளையே தேர்வேன்.

நீண்ட விடைகளை ஸ்கார்ம் பொதிக்குள் திணிக்கவே தேவையில்லை என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. மார்ட்டின் டூகியமாஸ் 2002இல் வெளியிட்ட மூடுல் போன்ற தளங்களில் கட்டுரை வினாவுக்குத் தனி இடம் இருக்கிறது. விடை தரவுத்தளத்தில் நேரே போய் அமர்கிறது. 4096 என்ற சுவர் அங்கே இல்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே இடையிடையே தானாகச் சேமிக்கவும் செய்கிறது. படங்களும் ஒலியும் கொண்ட விளக்கப் பகுதியைச் சிறுசிறு பொதிகளாக, ஒவ்வொரு பாடலுக்கும் ஒன்றாகப் பிரித்துவிட்டு, எழுத்துப் பயிற்சியைத் தளத்திடமே விட்டுவிடலாம். ஒரு பொதி முறிந்தாலும் மற்றவை நிற்கும். மேலே சொன்ன சக ஆசிரியரிடம் இதைச் சொன்னபோது, இரண்டு இடங்களில் மதிப்பெண் கூட்ட வேண்டுமே என்றார். கூட்ட வேண்டியதுதான்.

மென்பொருள் வாங்கும் குழுக்களில் தமிழாசிரியர் ஒருவர் இருப்பதை நான் பார்த்ததில்லை. இருந்தால், விற்பனையாளரின் செயல்விளக்கம் முடிந்ததும் அவர் கேட்க வேண்டியவை கடினமானவை அல்ல. கூடத்திலேயே பழைய கணிப்பொறியை எடுத்துக்கொண்டு, அறுபது திரை உள்ள தமிழ்ப்பாடம் ஒன்றை அதில் திறக்கச் சொல்லலாம். சேமிக்கும்போது மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, மீண்டும் திறந்து காட்டச் சொல்லலாம். மாணவராக உள்நுழைந்து நூறு சொல்லில் ஒரு விடை எழுதி, உலாவியை மூடி, மறுநாள் வந்து பார்க்கலாம். பிறகு ஔவையாரை இருவகையிலும் தட்டெழுதிப் பார்க்கலாம்.